கணக்கு நோட்டை எல்லாரும் பார்க்கட்டும்

கேள்வி: நாங்கள் தூத்துக்குடியில் வாடகை வீட்டில் இருக்கிறோம். கணவர் ஒரு உப்பு நிறுவன அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறார்; சம்பளம் 34,000 ரூபாய். நான் வீட்டிலேயே தைத்து மாதம் 6,000 வரை சம்பாதிக்கிறேன். மகன் பிளஸ் ஒன், மகள் எட்டாம் வகுப்பு. மாமியாரும் எங்களோடு இருக்கிறார். மூன்று வருடத்துக்கு முன் நாத்தனார் கல்யாணத்துக்காக என் நகைகளை 1,62,000 ரூபாய்க்கும், மகளின் கம்மல், மோதிரத்தை 18,000 ரூபாய்க்கும் வங்கியில் அடகு வைத்தோம். வருடா வருடம் வட்டியை மட்டும் கட்டித் திருப்பி வைக்கிறோம். அதிலிருந்து கணவர் ஆளே மாறிவிட்டார். ஃபேன் ஓடினால் சத்தம், சீனி சீக்கிரம் தீர்ந்தால் சத்தம். செலவை ஒரு நோட்டில் எழுதுகிறார். அதை யாரும் தொடக் கூடாது. ராத்திரி குடும்ப ஜெபத்தில், "ஆண்டவரே, இந்த வீட்டில் வீண் செலவு செய்கிறவர்களுக்குப் புத்தியைக் கொடும்" என்று என்னை வைத்துக்கொண்டே ஜெபிக்கிறார். சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கான தசமபாகக் காணிக்கை 3,400 தவறாமல் கொடுக்கிறார். அதுபோக வேறு கிறிஸ்தவ ஊழியங்களுக்கு மாதம் 1,500 அனுப்புவது எனக்குத் தற்செயலாகத்தான் தெரிந்தது. இந்த வருடம் கிறிஸ்துமஸுக்குப் புதுத்துணி இல்லை என்று இப்போதே சொல்லிவிட்டார். மாமியார் அழுகிறார். ஆளுக்கு ஒரு நேரத்தில் சாப்பிடுகிறோம். மகன் போன மாதம் பள்ளிக்கூடச் சுற்றுலாவுக்கு 1,200 ரூபாய் கேட்கப் பயந்து, வயிற்றுவலி என்று சொல்லி வீட்டிலேயே படுத்துவிட்டான். எனக்கு இது பிறகுதான் தெரியும். நானும் தையல் காசில் கொஞ்சம் கொஞ்சமாக 11,000 ரூபாய் அரிசி டப்பாவில் மறைத்து வைத்திருக்கிறேன். சிக்கனம் நல்லதுதானே? பிறகு ஏன் எங்கள் வீடு இப்படி ஆகிவிட்டது?

பதில்:

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் வருத்தியது நகைக்கடன் இல்லை. வயிறு வலிக்கிறது என்று சொல்லிப் படுத்துக்கொண்ட அந்தப் பையன்தான். பணம் இல்லை என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. அதை வாய்விட்டுக் கேட்டு, "இந்தத் தடவை முடியாதுப்பா" என்ற பதிலை வாங்கிக்கொள்ள இடம் இல்லாமல் போயிருக்கிறது. இல்லாமை பிள்ளைகளை அவ்வளவாக உடைப்பதில்லை. கேட்கவே பயப்படும் வீடு உடைத்துவிடும். அதனால் எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். இந்த வாரமே அவனைத் தனியாக உட்கார வைத்து, "டூர் விஷயம் எனக்குத் தெரியும். நீ கேட்டிருக்கலாம். இனிமே கேளு. இல்லைன்னா இல்லைன்னு சொல்றோம், கோபப்பட மாட்டோம்" என்று சொல்லுங்கள். பொய் சொன்னதற்காக இப்போது கண்டிக்க வேண்டாம்.

சரி, கணவர் விஷயத்துக்கு வருகிறேன். இந்த ஆலோசனைப் பணிக்கு வருவதற்கு முன் நான் ஒரு வங்கியில் நகைக்கடன் பிரிவில் சில வருடங்கள் இருந்தேன். அந்தக் கவுண்டரில் ஆண்கள் நகையைக் கொண்டுவரும் விதம் எனக்கு இன்னும் கண்ணில் இருக்கிறது. கைக்குட்டையில் முடிந்து, சட்டைப் பைக்குள் வைத்து, மேலே கையை வைத்து அழுத்திக்கொண்டே வருவார்கள். மதிப்பீட்டாளர் சங்கிலியை உரைகல்லில் தேய்க்கும்போது பலர் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்கள். மனைவி கழுத்திலிருந்து இறங்கிய நகை என்பது அவர்களுக்கு வெறும் பவுன் கணக்கு இல்லை. உங்கள் கணவர் தன் தங்கைக்காக உங்கள் நகையை வாங்கிக்கொண்டு போய் வைத்தவர். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஆலயத்தில் உங்கள் பக்கத்தில் உட்காரும்போது அந்த வெறும் கழுத்தை அவர் பார்க்கத்தான் செய்கிறார். வெட்கத்தை வெட்கமாகச் சொல்லத் தெரியாதவர்களிடம் அது ஃபேன் சத்தமாகவும் சீனிச் சத்தமாகவும்தான் வெளியே வரும். அவர் செய்வது சரி என்று நான் சொல்லவில்லை. அவரிடம் பேசப் போகும்போது இது உங்கள் மனதில் இருந்தால் பேச்சு வேறு மாதிரி போகும்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. சாதாரண ஃபேன் ஏறக்குறைய 75 வாட். ஒரு மணி நேரம் சும்மா ஓடினால் ஒரு யூனிட்டில் பதிமூன்றில் ஒரு பங்குதான். யூனிட்டுக்கு 5 ரூபாய் என்று வைத்தாலும் 40 காசைத் தாண்டாது. உங்கள் நகைக்கடன் இரண்டும் சேர்ந்து 1,80,000. வட்டி 9 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் வருடத்துக்கு 16,200. மூன்று வருடத்தில் 48,600 ரூபாய் வட்டியாக மட்டும் போயிருக்கிறது, அசலில் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. உங்கள் ரசீதில் உள்ள வட்டி விகிதத்தைப் பார்த்து இந்தக் கணக்கைத் திருத்திக்கொள்ளுங்கள். ஆனால் விஷயம் மாறாது. உங்கள் வீடு 40 காசுக்குச் சண்டை போட்டுக்கொண்டு, 48,600 ரூபாயைப் பேசாமல் விட்டுவிட்டது. ஏனென்றால் ஃபேன் எல்லார் கண்ணிலும் படுகிறது. கடன் ஒருவர் நோட்டுக்குள் இருக்கிறது.

உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான். சிக்கனம் உங்கள் வீட்டைக் கெடுக்கவில்லை. ஒருவர் மட்டும் தனியாகச் சிக்கனம் பிடிப்பதும், மற்ற நான்கு பேர் அதற்குக் கீழே பயந்து இருப்பதும்தான் கெடுத்திருக்கிறது. கோபுரம் கட்ட நினைக்கிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்ப்பான் என்று இயேசு சொன்னாரே, அந்த உட்காருவது உங்கள் வீட்டில் நடக்கவே இல்லை. அவர் தனியாக எழுதுகிறார், நீங்கள் தனியாக ஒளிக்கிறீர்கள்.

ஆமாம், அரிசி டப்பாவையும் சொல்கிறேன். நம் பெண்கள் அஞ்சறைப் பெட்டியிலும் அரிசியிலும் காசு சேர்த்துத்தான் எத்தனையோ குடும்பங்களைக் காப்பாற்றியிருக்கிறார்கள், அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். குடிக்கிற கணவன், அடிக்கிற கணவன் என்றால் அந்தக் காசு அங்கேயே இருக்கட்டும் என்றுதான் சொல்வேன். உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை. அவருடைய நோட்டு பூட்டியிருப்பது உங்களுக்கு எவ்வளவு வலிக்கிறதோ, இந்த டப்பா தெரியவந்தால் அவருக்கும் அவ்வளவு வலிக்கும். அவராகக் கண்டுபிடிப்பதற்கு முன்னால் நீங்களாகக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்துவிடுங்கள். அந்தப் பணத்துக்கு ஒரு நல்ல வேலை இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன்.

முதலில் ஜெபத்தைப் பேசி முடியுங்கள். குடும்ப ஜெபத்தில் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு இன்னொருவரைக் குத்தினால் குத்துப்பட்டவருக்குப் பதில் பேச வழியில்லை, "ஆமென்" சொல்ல வேண்டியிருக்கிறது. பிள்ளைகளுக்கு இது நன்றாகப் புரியும். ஜெபம் என்றால் அப்பா அம்மாவைத் திட்டும் நேரம் என்று அவர்கள் மனதில் பதிந்துவிட்டால், பிறகு எத்தனை பாமாலைப் பாட்டுப் பாடினாலும் அதை அழிப்பது கஷ்டம். ஆனால் ஜெபம் முடிந்த கையோடு இதைக் கேட்காதீர்கள், மாமியார் முன்னால் கேட்கவே கேட்காதீர்கள். சாயங்காலம் இரண்டு பேரும் கடற்கரைப் பக்கம் கொஞ்ச தூரம் நடந்து போங்கள். உங்கள் வாயில் வருகிற மாதிரி, ஏறக்குறைய இப்படிச் சொல்லுங்கள்: "என்னங்க, ஜெபத்துல செலவைப் பத்திச் சொல்றப்ப எனக்குக் கண்ணை மூட முடியலை. கடன் உங்களை அரிக்குதுன்னு எனக்குத் தெரியும். அது நம்ம ரெண்டு பேர் கடன். கணக்கை நாம தனியா உக்காந்து பேசுவோம். ஜெபத்துல எனக்காக வேற எதையாவது கேளுங்க." முதல் நாளே அவர் ஒத்துக்கொள்ள மாட்டார். "நான் பொதுவாத்தான் ஜெபிச்சேன்" என்பார். அதோடு விட்டுவிடுங்கள். சொன்னது உள்ளே போயிருக்கும்.

அப்புறம் கணக்கு உட்காருவது. மாதத்தின் முதல் சனிக்கிழமை சாயங்காலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு மாதம் நீங்கள் இருவர் மட்டும். அதன்பிறகு பிள்ளைகளையும் மாமியாரையும் அரைமணி நேரம் சேர்த்துக்கொள்ளலாம். மகனுக்கு முழுக் கணக்கையும் காட்டலாம் என்பது என் கருத்து. பதினாறு வயதுப் பையன் வாடகை எவ்வளவு, அரிசி மூட்டை எவ்வளவு என்று தெரிந்துகொள்வது அவனுக்கு நல்லது. மகளுக்குக் கடன் தொகையை எல்லாம் சொல்லிச் சுமையேற்ற வேண்டாம். கரண்ட் பில்லை அவள் கையில் கொடுங்கள். நம் ஊரில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கணக்கெடுக்கிறார்கள். முதலில் கொஞ்சம் யூனிட் இலவசம். 500 யூனிட்டைத் தாண்டினால் அதற்குக் கீழே உள்ள யூனிட்டுகளுக்கும் சேர்த்து விலை ஏறிவிடும். அந்த 500-க்குள் நிற்கிறோமா என்று மீட்டரைப் பார்த்து எழுதுவது அவள் வேலையாக இருக்கட்டும். அப்பா கத்தி அணைக்கிற ஃபேனை அவள் தானாகவே அணைப்பாள்.

இங்கே சுருக்கி வெளியிட்டிருக்கும் உங்கள் கடிதத்தில் நீங்கள் எழுதிய மாதச் செலவுகளை நான் கூட்டிப் பார்த்தேன். வாடகை 8,000, மளிகையும் காய்கறியும் மீனும் 11,000, பள்ளிக் கட்டணமும் டியூஷனும் மாதத்துக்குப் பிரித்தால் 6,000, கரண்ட், கேஸ், போன் 2,500, பெட்ரோல் 2,000, மாமியாருக்கு மருந்து 1,800, தசமபாகம் 3,400, மற்ற ஊழியங்களுக்கு 1,500. எல்லாம் 36,200. வரவு 40,000. அப்படியானால் மாதம் 3,800 மிஞ்ச வேண்டும். வருட வட்டியை மாதத்துக்குப் பிரித்தால் அதில் 1,350 போகும்; மீதி எங்கே போகிறது என்று உங்களுக்குத் தெரியவில்லை, ஒருவேளை அவருக்கும் சரியாகத் தெரியாமல் இருக்கலாம். நோட்டைத் திறந்ததும் முதலில் தேட வேண்டியது இதைத்தான். இந்த 3,800-ஐ 5,000 ஆக்க முடியும் என்று நான் நினைக்கிறேன்.

அந்த மீதி 1,200-க்கு வழி உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. ராத்திரி ஏழு மணிக்கு மாமியார் சாப்பிடுகிறார், எட்டுக்கு மகன் போனைப் பார்த்துக்கொண்டே, ஒன்பதரைக்குக் கணவர், எல்லாம் கழுவி வைத்துவிட்டு நீங்கள். அதாவது தோசைக்கல் நாலு தடவை காய்கிறது. குழம்பு மூன்று தடவை சூடாகிறது. யார் எவ்வளவு சாப்பிடுவார்கள் என்று தெரியாமல் கூடுதலாகவே சமைக்கிறீர்கள், மறுநாள் கொட்டுகிறீர்கள். நாலு அறையில் நாலு விளக்கு, நாலு ஃபேன். பிரிந்து இருக்கிற வீட்டில் செலவு கூடத்தான் செய்யும். ஐந்து பேரும் ஒரே கூடத்தில் எட்டரை மணிக்குப் பாயை விரித்து உட்கார்ந்தால் கேஸ் சிலிண்டர் எத்தனை நாள் கூட வருகிறது என்று பாருங்கள். சிலிண்டர் மாட்டிய தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். கணவரிடம் "சேர்ந்து சாப்பிடலாம்" என்று சொல்வதைவிட "சேர்ந்து சாப்பிட்டால் சிலிண்டர் மிச்சமாகும்" என்று சொன்னால் அவர் சீக்கிரம் வருவார். எதற்காக வந்தாலும் வரட்டும். தினமும் முடியாவிட்டால் ஞாயிறு ஆராதனை முடிந்து வந்து சாப்பிடும் மதிய சாப்பாட்டிலிருந்து தொடங்குங்கள். ஐயாயிரம் பேர் சாப்பிட்ட பிறகும், மீதித் துணிக்கைகள் ஒன்றும் வீணாகாதபடி சேர்த்து வைக்கச் சொன்னவர் நம் ஆண்டவர். ஆனால் அதற்கு முன்னால் அத்தனை பேரையும் புல்லின்மேல் பந்தி உட்கார வைத்தார் என்பதையும் கவனியுங்கள்.

ரேஷனில் துவரம் பருப்பும் பாமாயிலும் தவறாமல் வாங்குகிறீர்களா? பல பேர் வரிசைக்குச் சங்கடப்பட்டு விட்டுவிடுகிறார்கள். வாங்குங்கள்.

காணிக்கை விஷயத்தில் நிதானமாகப் பேசவேண்டும். தசமபாகத்தை நிறுத்தச் சொல்லி நான் எழுத மாட்டேன், நீங்களும் அப்படிக் கேட்கவில்லை. இருவரும் மனமார ஒத்துக்கொண்டு கொடுக்கிற 3,400 அப்படியே இருக்கட்டும். அந்த 1,500 வேறு. வீட்டுக்குத் தெரியாமல், கடன் இருக்கும்போது, முகம் தெரியாத இடத்துக்குப் போகிறது. தாய் தகப்பனுக்குச் செய்ய வேண்டியதைச் செய்யாமல், "அது தேவனுக்குக் காணிக்கை, கொர்பான்" என்று சொல்லித் தப்பித்தவர்களை இயேசு கடிந்துகொண்டது மாற்கு ஏழாம் அதிகாரத்தில் இருக்கிறது. உங்கள் கணவர் தப்பிக்கப் பார்ப்பவர் இல்லை. கொடுத்தால் கடன் தீரும் என்று நம்பிக் கொடுக்கிறார் என்றுதான் எனக்குப் படுகிறது. அதனால் அவரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தாதீர்கள். உங்கள் சேகரத்து ஐயரிடம், அதாவது சபைப் போதகரிடம், இருவரும் சேர்ந்து போய் ஒரு தடவை பேசிவிட்டு வாருங்கள். கடன் தீரும்வரை இந்தத் தொகையை நிறுத்திவைத்துப் பிறகு தொடர்வது விசுவாசக் குறைவு ஆகாது என்று அவர் வாயால் கேட்டால் கணவருக்கு மனம் ஆறும்.

அதற்குப் பதிலாகப் பிள்ளைகள் கண்ணால் பார்க்கிற மாதிரி ஒரு காணிக்கையை வீட்டில் தொடங்குங்கள். கைப்பிடி அரிசி பற்றி மாமியாரைக் கேட்டுப் பாருங்கள். உலையில் போடுவதற்கு முன் ஒரு பிடியை எடுத்துத் தனிக் கலயத்தில் போட்டு வைத்து, சேர்ந்ததும் ஆலயத்துக்குக் கொண்டுபோவது அவர் வயதுப் பெண்களுக்குப் பழக்கப்பட்டதாக இருக்கும். அதை அவர் பொறுப்பிலேயே விட்டுவிடுங்கள். மகன் வீட்டில் நமக்கு ஒரு வேலையும் இல்லை, அழத்தான் முடியும் என்று இருக்கிற ஒரு பெரிய மனுஷிக்கு அது பெரிய விஷயம். பக்கத்துத் தெருவில் அடுப்பு எரியாத வீடு எது என்றும் அவருக்குத்தான் தெரியும்.

கிறிஸ்துமஸுக்குப் புதுத்துணி இல்லை என்று ஒருவர் மட்டும் தீர்ப்புச் சொன்னால் அது தண்டனை மாதிரி இருக்கும். டிசம்பர் மாத 5,000 ரூபாயைப் பண்டிகைக்கென்று ஒதுக்கிப் பிள்ளைகள் இருவரிடமும் காகிதம் பேனா கொடுத்துவிடுங்கள். துணி, பலகாரம், ஆலயக் காணிக்கை, கேரல் வரும்போது கொடுப்பது எல்லாம் அதற்குள். மகளுக்கு நீங்களே தைக்கலாம். துணி மட்டும் வாங்கினால் போதும். நீங்கள் பெரியவர்கள் போன வருடத் துணியைத் துவைத்து இஸ்திரி போட்டுக் கட்டிக்கொள்ளுங்கள், பிள்ளைகளுக்கு அந்தக் கட்டாயம் வேண்டாம். பேக்கரி கேக்கை விட்டுவிட்டு முந்திரிக்கொத்து செய்யுங்கள். சிறுபயறை வாசம் வரும்வரை வறுத்து உடைத்து, வறுத்த தேங்காயும் எள்ளும் ஏலக்காயும் சேர்த்து, வெல்லப்பாகு ஊற்றி, சூடு கை பொறுக்கும்போதே உருட்ட வேண்டும். ஆறினால் உருண்டை பிடிக்காது, அதனால் ஒரு ஆள் செய்கிற வேலை இல்லை அது. மாமியார் பாகுப் பதம் பார்க்க, நாலு பேர் உருட்ட, மறுநாள் அரிசி மாவில் முக்கி மூன்று மூன்றாகக் கொத்துச் சேர்த்து எண்ணெயில் போடுவது. உங்கள் மகன் அன்று ராத்திரி போனைத் தொட மாட்டான், கை முழுக்கப் பாகு இருக்கும்.

இனி அந்த 11,000. உங்கள் கடன் இரண்டு ரசீதாக இருப்பது நல்லதாகப் போயிற்று. சின்ன ரசீது 18,000, மகளின் கம்மலும் மோதிரமும். அக்டோபரில் 5,000, நவம்பரில் 5,000 சேர்ந்தால் உங்கள் கையில் 21,000 இருக்கும். அசலையும் இதுவரை ஏறிய வட்டியையும் கட்டி நவம்பர் முடிவதற்குள் அதை மீட்டுவிடலாம். ஜனவரியிலிருந்து பெரிய ரசீதில் மாதம் 5,000 கட்டிக்கொண்டே வந்தால், 9 சதவீத வட்டிக்கு மூன்று வருடத்துக்குச் சற்று மேலே ஆகும். போனஸ் வந்தால் அதற்கும் முன்பே முடியும். கவுண்டரில் "பகுதித் தொகை கட்டலாமா, கட்டினால் மறுநாளிலிருந்து வட்டி குறையுமா" என்று வாய்விட்டுக் கேளுங்கள். அடுத்த முறை திருப்பி வைக்கும்போது நகைகளை இரண்டு மூன்று ரசீதாகப் பிரித்துத் தருவார்களா என்றும் கேளுங்கள். தந்தால் ஒவ்வொன்றாக மீட்கலாம். நகைச்சீட்டு, பலகாரச்சீட்டு என்று யார் வந்து கேட்டாலும் கடன் முடியும்வரை சேர வேண்டாம்.

மீட்கப் போகும் அன்று மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். சின்ன ரசீது யார் பெயரில் இருக்கிறதோ அவர் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டியிருக்கும், அது கணவர் பெயர் என்றால் அவர் அன்று அரை நாள் லீவு போடட்டும். அசல் ரசீது, ஆதார் அட்டை இரண்டையும் எடுத்து வையுங்கள். நகையைக் கையில் தந்ததும் கவுண்டரை விட்டு நகராமல் எடையையும் கம்மலின் திருகாணியையும் சரிபாருங்கள். திருகாணி சின்னது, உறைக்குள்ளேயே தங்கிவிடும்.